மாப்பிள்ளை கொஞ்சம் குள்ளம்

பிப்ரவரி 4, செவ்வாய்

மாப்பிள்ளை இன்றும் வேலை செய்யவில்லை.

பத்து வருடம் கழித்து இதைப் படிக்கும்போது நானே குழம்பிவிடக் கூடாது. இது வீட்டு மாப்பிள்ளை இல்லை, ஆய்வகத்து மாப்பிள்ளை. மனித உடம்பில் இருக்க வேண்டிய ஒரு புரதம். இதன் மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்து, பாக்டீரியாவைக் குடுவை குடுவையாக வளர்த்து, உடைத்து, அந்தக் கூழிலிருந்து இவரை மட்டும் பிரித்தெடுப்பது என் வேலை. ஆர்.என்.ஏ. இழையில் வேண்டாத துண்டை வெட்டி எடுத்துவிட்டு மீதியை ஒட்ட உதவுவது இவர் வேலை. என் வேலையை நான் ஒழுங்காகச் செய்கிறேன். இவர்தான் செய்வதில்லை.

பெயர் நான்தான் வைத்தேன். அப்படி ஒரு முறுக்கு. எப்போதும் குளிர் வேண்டும். உப்பு ஒரு சிட்டிகை குறைந்தால் திரிந்துபோய்க் குழாயின் அடியில் வெள்ளையாகப் படுத்துக்கொள்வார். குலுக்கினால் நுரை தள்ளுவார். பெண் வீட்டுக்காரர்கள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம்.

செல்லிலிருந்து எடுத்த சாறு ஒன்று இருக்கிறது. அதில் இந்தப் புரதத்தை மட்டும் நீக்கிவிட்டால் வெட்டும் வேலை நின்றுபோகும். நம் ஆளை உள்ளே விட்டால் மறுபடி தொடங்க வேண்டும். தொடங்கவில்லை. இரண்டு வருடமாகத் தொடங்கவில்லை.

வீட்டில் புலம்பினேன். "வீட்டுல ஒரு மாப்பிள்ளை பதினாலு வருஷமா இருக்கான். அவனுக்கு வேண்டிய டீயை அவனேதான் போட்டுக்கிறான்" என்றார் வீட்டுக்காரர். போட்டு எனக்கும் ஒன்று கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 6, வியாழன்

எதிர் மேசைக்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம். வெயிலோ மழையோ, பழுப்பு ஸ்வெட்டர் ஒன்றைக் கழற்ற மாட்டார். குளிர் அறைக்குப் போய் வந்து போட்டுக் கழற்றி, போட்டுக் கழற்றி, அலுத்துப்போய் அப்படியே விட்டுவிட்டாராம். என்னை 'டீச்சர்' என்று கூப்பிடுவார். நான் எல்லாருக்கும் திருத்தம் சொல்கிறேனாம். தப்பு செய்தால் சொல்லத்தானே வேண்டும்?

இன்று நான் ஜெல் ஓட்டி வைத்திருந்தேன். புரதங்கள் அதில் உயரப்படி நிற்கும்: பெரியது மேலே, சின்னது கீழே. ஸ்வெட்டர் எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், மாப்பிள்ளை கொஞ்சம் குள்ளமா இருக்காரே."

"ஜெல்னா முன்னே பின்னே ஓடத்தான் சார் செய்யும்."

"ஒவ்வொரு தடவையும் கீழேயே ஓடுறாரே. மரபணுவ முழுசா ஒரு தடவை படிச்சுப் பார்த்துடலாமா?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கையால் செய்த மரபணு அது. இந்த ஆய்வகத்தில் என் முதல் வேலை. "அதெல்லாம் அன்னைக்கே படிச்சாச்சு. உங்க கண்ணுக்குத்தான் பவர் ஏறியிருக்கும். எங்க வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையிலதான் இருக்கார், போய்ப் பாருங்க" என்றேன்.

"தள்ளுபடி உண்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மனுஷனைக் கோபப்படுத்தவும் முடியாது.

பிப்ரவரி 10, திங்கள்

பிடித்துவிட்டேன். காலையில் ஸ்வெட்டர் வெறுங்கையால் என் ஆர்.என்.ஏ. பெட்டியை எடுத்துத் தள்ளி வைத்தார். கையுறை இல்லை! நம் விரல் நுனியில் இருக்கிற நொதி போதும், ஆர்.என்.ஏ.வைப் பொடிப் பொடியாக நறுக்கிவிடும். வெட்டு நடந்ததா என்று காட்டும் சோதனைப் படத்தின் அடியில் புகை மாதிரி லேசாக ஒன்று எப்போதும் தெரிகிறது. அது இதுதான். பொடியான ஆர்.என்.ஏ.!

நேராக டாக்டரம்மாவிடம் போனேன். ஆய்வகத் தலைவி. நிமிர்ந்து பார்க்காமலே எல்லாம் கேட்பார். படத்தைக் காட்டினேன். "எழுதிக் கொடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம். எழுத்துப்பிழை இல்லாமல்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஸ்வெட்டரைத் தரைத்தளத்து ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது அவருடைய மேசை நாற்காலியை என் பக்கம் தள்ளி வைத்தார். "இது முதுகுக்கு நல்லது டீச்சர். அங்க ஸ்டூல்தான், ஆனா எட்டிப் பார்க்க யாரும் இல்ல" என்றார். என்னைக் குத்தினாரா, கரிசனமா? யோசித்து யோசித்துப் பார்த்தேன். நாற்காலி நன்றாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 24, திங்கள்

இரண்டு வாரம். எதிர் மேசையில் ஈ காக்கை இல்லை. என் பெட்டியை நான் மட்டுமே தொட்டேன், அதுவும் இரட்டைக் கையுறையோடு. புது ஆர்.என்.ஏ., புதுத் தண்ணீர், புதுக் குழாய்.

மாப்பிள்ளை அசையவில்லை.

அடியில் அந்தப் புகை இருக்கிறது. அன்றைக்கு எவ்வளவோ இன்றைக்கும் அவ்வளவே. அப்படியானால்—

தண்ணீரைச் சுத்திகரிக்கிற இயந்திரம் பழசு. அதாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 26, புதன்

தண்ணீர் இயந்திரம் சரியாக இருக்கிறதாம். பழுது பார்க்க வந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பிப்ரவரி 28, வெள்ளி

டாக்டரம்மா கூப்பிட்டார். எங்கள் எல்லாருக்கும் வருட ஒப்பந்தம். மார்ச் கடைசியில் யாருக்கு நீட்டிப்பு, யாருக்கு இல்லை என்று எழுதி அனுப்புவார்.

"ஸ்டோர்ல இன்னொரு ஆள் தேவையில்லைங்கிறாங்க. மேல கூட்டிக்கலாம்னா உங்க புகார் இருக்கு. அவருக்கு நீட்டிக்க வேண்டாம்னு எழுதிடலாமா?" என்றார்.

என்னைக் கேட்டார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'புகை இன்னும் வருது மேடம்' என்று நாலு வார்த்தை. வாய் வரை வந்தது. "உங்க இஷ்டம் மேடம்" என்று சொல்லிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவருடைய நாற்காலியில்.

ச்சே.

மார்ச் 2, ஞாயிறு

நாளை மகளுக்கு வரலாறு பரீட்சை. பன்னிரண்டு வயது, வீட்டில் வாயாடி என்று கூப்பிட்டால்தான் திரும்பும். மதியம் புத்தகத்தோடு உட்கார்ந்தது, அரை மணியில் எழுந்து "முடிச்சிட்டேன்" என்றது.

"எட்டுப் பாடமா?"

"எட்டும்தான். முதல் பத்தி, கடைசிப் பத்தி. நடுவுல என்ன இருக்கும்னு தெரியுமே."

விட்டேனா. புத்தகத்தைப் பிடுங்கி ஏழாம் பாடத்தின் நடுவில் கேள்வி கேட்டேன். பேந்தப் பேந்த விழித்தது. "ரெண்டு முனையையும் பார்த்துட்டா படிச்சதா ஆயிடுமாடீ? அந்த ராஜா நடுவுல செத்தே போயிட்டான், உனக்குத் தெரியல" என்று கத்தினேன். வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னால் குலுங்கினார்.

கத்தி முடித்ததும் 'ரெண்டு முனையும்' என்பது மட்டும் என் காதிலேயே நின்றது. அதைத் தள்ளிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன்.

இரவு படுத்த பிறகும் போகவில்லை.

மார்ச் 3, திங்கள்

பதினோரு வருடத்துப் பழைய நோட்டை அலமாரியிலிருந்து இறக்கினேன். அழகான கையெழுத்து எனக்கு அப்போது. மரபணுவின் நீளம் ஆயிரத்து அறுநூற்று எழுபத்து நான்கு எழுத்து. அதைப் படிக்கிற இயந்திரம் ஒரு முனையிலிருந்து எழுநூறு எழுத்து வரை தெளிவாகப் படிக்கும், அப்புறம் மங்கிவிடும். நான் முன்னாலிருந்து எழுநூறு படித்திருக்கிறேன். பின்னாலிருந்து எழுநூறு படித்திருக்கிறேன். இரண்டுக்கும் சிவப்பு மையில் 'சரி'.

நடுவில் இருநூற்று எழுபத்து நான்கு எழுத்தை ஒருவரும் படிக்கவில்லை. நடுவில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியுமே.

எங்கள் நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கட்டம் உண்டு: 'சரிபார்த்தவர்'. அடுத்தவர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். என் பக்கங்களில் பதினோரு வருடமாக அது காலி. எனக்குச் சரி போட இங்கே யார் இருக்கிறார்கள் என்ற எண்ணம்தான். திமிர் என்றே எழுதிவிடலாம், நான் மட்டும்தானே படிக்கிறேன்.

நடுப்பகுதியைப் படிக்கக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

எழுபத்தெட்டு எழுத்து காணோம்.

தவறி விழவில்லை, சுத்தமாக வெட்டி ஒட்டியிருக்கிறது. ஒரு செல்லின் ஆர்.என்.ஏ.வைப் பார்த்துத்தான் நான் இந்த மரபணுவை நகலெடுத்தேன்; அந்தச் செல்லில் இவரை மாதிரி ஆட்களே சேர்ந்து, இவருடைய ஆர்.என்.ஏ.விலேயே அந்தத் துண்டை வேண்டாதது என்று வெட்டிவிட்டிருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் கத்தரி பிடிக்கிறவர், தனக்கே கத்தரி விழுந்ததைச் சொல்லாமல் மூன்றெழுத்துக்கு ஒரு கண்ணி என்று இருபத்தாறு கண்ணி குறைந்த உடம்போடு இரண்டு வருடமாக என் குழாயில் உட்கார்ந்திருக்கிறார். அவர்மேல் என்ன தப்பு? நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.

குள்ளம்தான். ஸ்வெட்டர் சொன்ன மாதிரியே, கொஞ்சம் குள்ளம்.

இதை நான் யாரிடமும் சொல்லாமலே சரி செய்துவிடலாம். புது மரபணுவை வரவழைத்து, 'தண்ணீர் மாற்றினேன், வேலை செய்துவிட்டது' என்று சொன்னால் போதும், யாருக்கும் தெரியாது. ஸ்வெட்டர் மார்ச்சோடு போய்விடுவார்.

இதை எழுதியே ஆக வேண்டும் என்று எழுதினேன். எழுதிப் பார்த்தால் கண்றாவியாக இருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். "பதினோரு வருஷமா?" என்றார்.

"இவர வச்சுச் சோதனை பண்ணது ரெண்டு வருஷமாத்தான் மேடம். அதுவரைக்கும் ஃப்ரீசர்ல இருந்தது." கிடைத்த சந்தில் நுழையப் பார்த்தேன். பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. "புகாரும் தப்பு மேடம். அவர் போனப்புறமும் புகை அப்படியேதான் இருக்கு. எனக்கு அது ரெண்டு வாரமாவே தெரியும்."

பேனாவை மூடி வைத்தார். "நடுவுல படிச்சீங்களான்னு நானும் கேக்கல" என்றார். "புகாரை எழுதித்தானே கொடுத்தீங்க. வாபசையும் எழுதிக் கொடுங்க. உங்க ஒப்பந்தத்தைப் பத்தி நான் யோசிக்கணும்."

எழுதினேன். இந்தத் தடவை எழுத்துப்பிழை மூன்று.

அப்புறம் தரைத்தளம். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில், ஸ்டூலில், அதே ஸ்வெட்டரோடு உட்கார்ந்து துளி துளியாக அளக்கிற பிப்பெட்டில் மாட்டும் நுனிகளை எண்ணிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது வேறு. "சார், அவர் குள்ளம்தான்" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். "இந்த மாசத்தோட முடிஞ்சுதுன்னு வீட்டுல சொல்லிட்டேன் டீச்சர். என் மனைவி ஒண்ணும் சொல்லல. அதுதான் கஷ்டமா இருந்தது" என்றார்.

மன்னிச்சிடுங்க சார் என்றேன். அட்டைப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். இரண்டு பேரும் உட்கார்ந்து மீதி நுனிகளை எண்ணி முடித்தோம். எண்ணிக்கை தப்பிப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினோம்.

மார்ச் 8, சனி

வீட்டில் எல்லாம் சொன்னேன். வாயாடி கவனமாகக் கேட்டது. "அப்போ நடுவுல யாரும்மா செத்துப்போனது?" என்றது. பதினாலு வருட மாப்பிள்ளை செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார்.

மார்ச் 31, திங்கள்

ஸ்வெட்டருக்கு ஒரு வருடம் நீட்டிப்பு. மேல்தளத்தில், பழைய மேசை.

எனக்கு ஆறு மாதம். முணுமுணுக்கலாம் என்று வாயைத் திறந்தேன், காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தேன். "உங்க முதுகு என்ன ஆச்சு?" என்றார். "ஆறு மாசத்துக்கு நேராத்தான் இருக்கும் சார்" என்றேன்.

ஏப்ரல் 10, வியாழன்

எழுபத்தெட்டு எழுத்தும் சேர்ந்த முழு மரபணு வந்து சேர்ந்தது. பாக்டீரியாவுக்குள் வைப்பதற்கு முன்னால், துண்டு துண்டாகக் கொடுத்து முழுவதையும் படித்து வாங்கினேன். பிறகு ஸ்வெட்டர் தாளைப் பிடித்துக்கொண்டு ஓர் எழுத்து விடாமல் வாசித்தார், நான் திரையைப் பார்த்து 'ம்' போட்டேன். ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்திரண்டு 'ம்'. நடுவில் ஒரு தடவை அவருக்கு இருமல் வந்து இடம் தவறியது. முதலிலிருந்தே ஆரம்பிக்கலாம் என்று நான்தான் சொன்னேன்.

ஏப்ரல் 24, வியாழன்

ஜெல்லை விளக்கில் வைத்ததும் ஸ்வெட்டர் எட்டிப் பார்த்தார். எட்டிப் பார்க்கட்டும் என்றுதான் தள்ளி நின்றேன்.

"வளர்ந்துட்டார் டீச்சர்."

மதியம் சாற்றில் சேர்த்தோம். மாலை நாலரைக்குப் படம் வந்தது. வெட்டுப்பட்ட துண்டு தனியாக, ஒட்டிய இழை தனியாக, இரண்டு கோடு. அடியில் அதே புகை. அது எப்போதும் இருக்கும்போலிருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். டாக்டரம்மா வந்து பார்த்து "ம்" என்றார், அவர் அகராதியில் அது கைதட்டல். எனக்கு அழுகை வந்தது. குளிர் அறைக்குள் போய் அழுதேன். ஸ்வெட்டர் பின்னாலேயே வந்து ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அதைக் கழற்றி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. உள்ளே சட்டை நன்றாகத்தான் இருந்தது.

நோட்டில் எல்லாவற்றையும் எழுதி, அடிக்கட்டத்தைக் காட்டி அவர் பக்கம் நகர்த்தினேன். முழுப் பக்கத்தையும் படித்தார், வேண்டுமென்றே மெதுவாக, விரலை வரிக்கு வரி வைத்து. பிறகு கையெழுத்துப் போட்டு, அதற்குக் கீழே சின்னதாக எழுதினார்: 'நடுவும் படித்தேன்.'

பழைய நோட்டையும் எடுத்து வந்து வைத்தேன். பதினோரு வருடம், பக்கம் நிறைய இருக்கிறது. திங்கட்கிழமை ஆரம்பிக்கிறோம்.