ஜன்னலோரத்துப் பெண்

ஜூன் 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். அப்பாவுக்கு முட்டி வலி தேவலை. கடைக்குப் போகச் சொன்னால் மட்டும் திரும்ப வந்துவிடுகிறது. போன் இருக்க எதற்குக் கடிதம் என்பாய். போனில் நாம் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்பதைத் தாண்டி என்றைக்குப் பேசியிருக்கிறோம்? தவிர, இது உன் கம்பெனிச் சமாச்சாரம். போனில் யார் யார் காது வைத்திருக்கிறார்களோ, நமக்கென்ன தெரியும்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் உங்கள் ஸ்மார்ட் போர்டு வந்து சேர்ந்தது. சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. வழக்கம்போல் மூலையில் தேதியை எழுதிவிட்டுத்தான் நான் திரும்பினேன். அழியாத மார்க்கர். விரலால்தான் எழுத வேண்டுமாம், யார் கண்டது? தலைமையாசிரியை ஓடி வந்து, "டீச்சர், அது கரும்பலகை இல்ல டீச்சர்!" என்று கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு அமைதியாகிவிட்டது. ஆளாளுக்குத் தேய்த்தும் தேதி போகவில்லை.

பிள்ளைகளுக்கு அதில் பாடம் நடத்துவது பிறகாம். முதலில் எங்களுக்குப் பயிற்சி. போர்டைத் தட்டினால் ஒரு வகுப்பறை வருகிறது. ஆறு பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்து நம்மையே பார்க்கிறார்கள். பொம்மைப் படம்தான், ஆனால் கொட்டாவி விடுகிறார்கள், ஒருவனை ஒருவன் கிள்ளுகிறான். நாம் பாடம் எடுக்க வேண்டும். யாரிடம் கேள்வி கேட்க வேண்டுமோ அந்தப் பிள்ளையின் தலையைத் தொட்டால் எழுந்து பதில் சொல்லும். சிமுலேஷன் என்கிறார்கள். இத்தனை வருஷம் உயிருள்ள பிள்ளைகளோடு மல்லுக்கட்டியவளுக்கு இப்போது பொம்மைகளிடம் பரீட்சை.

இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் இருக்கிறாள். நாங்கள் அவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்துவிட்டோம். பென்சில் முனையைக் கடித்துக்கொண்டு, "அப்படின்னா டீச்சர்..." என்று ஆரம்பித்தால் விடமாட்டாள். ஜன்னலோரத்தில் இன்னொருத்தி, அவள் தங்கமான பெண், வாயே திறப்பதில்லை.

பாப்பா, இந்தப் பிள்ளைகள் என்ன பேசுவார்கள், என்ன செய்வார்கள் என்று எழுதுவது உன் பிரிவுதானே? அந்த வாயாடியை எழுதியது யார்?

மாதக் கடைசியில் வருகிறாய்தானே? இரண்டு வருஷமாகப் போக்குக் காட்டுகிறாய். உன் அறையைக் கூட்டி வைத்துவிட்டேன்.

பதிலை எதிர்பார்த்து,
அம்மா

ஜூன் 15

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அலுவலகத்தில் பிரித்தேன். தேதி எழுதிய கதையைப் படித்துவிட்டு நான் சிரித்ததில் பக்கத்து மேஜைக்காரன் எழுந்து வந்து எட்டிப் பார்த்தான்.

உன் போனை எங்கள் கம்பெனி கேட்கவில்லை. நீயும் நானும் பேசுவதைக் கேட்டால் அவர்கள் தூங்கிவிடுவார்கள்.

ஆமாம், பிள்ளைகளை எங்கள் பிரிவுதான் எழுதுகிறது. நிறையப் பேர் எழுதுகிறோம்; எது யாருடையது என்று வெளியே சொல்வதில்லை. அது கிடக்கட்டும், பயிற்சி எப்படிப் போனது? எந்தப் பாடம் எடுத்தாய்? யார் யாரைக் கேள்வி கேட்டாய்?

மாதக் கடைசியில் வருவதாகத்தான் இருக்கிறேன். இன்னும் டிக்கெட் போடவில்லை. அப்பாவை நடக்கச் சொல்.

அன்புடன்,
பாப்பா

ஜூன் 21

பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். "யார் யாரைக் கேள்வி கேட்டாய்" என்று எந்த மகளாவது அம்மாவிடம் கேட்பாளா? அது ஆய்வுக்கு வரும் அதிகாரி கேட்கிற கேள்வி. யாருடையது என்று சொல்வதில்லையாம். பெற்ற தாயிடமும் சொல்வதில்லையா? ஏதோ மறைக்கிறாய் என்று எனக்கு அப்போதே மூக்கில் வேர்த்துவிட்டது.

நேற்று என்ன நடந்தது என்று உனக்குத் தெரிந்தே இருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். தலைமையாசிரியையும் மற்ற ஆசிரியர்களும் பின்னால் உட்கார்ந்திருக்க, நான் கணக்குப் பாடம் எடுத்தேன். மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ். உடனே உன் வாயாடி எழுந்தாள். "ஏன் டீச்சர் பிளஸ் வருது? ரெண்டு கடன் சேர்ந்தா வரவு ஆகுமா?" என்றாள். "அது விதி. எழுதிக்கோ" என்றேன். பின்னால் எல்லோரும் சிரித்தார்கள். பாடம் முடிந்ததும் போர்டில் என் பெயருக்குக் கீழே ஒரு மதிப்பீடு வந்தது. கடைசி வரி: "ஆசிரியரின் கவனம் பெறாத மாணவர்: ஒருவர்." பயிற்சி தருகிற தாடிக்காரத் தம்பி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். சாதாரணச் சிரிப்பு இல்லை, ஏற்கெனவே தெரியும் என்கிற சிரிப்பு.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பென்சிலைக் கடிப்பது நீ. "அப்படின்னா" என்று இழுப்பது நீ. சோறு போட்டால்கூட ஏன் எதற்கு என்று என்னோடு வாதாடியது நீ. உன்னைப் போர்டுக்குள் உட்கார வைத்து, என்னை எதிரே நிறுத்தி, என் சக ஆசிரியர்கள் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாய். இன்னும் எத்தனை பள்ளிக்கூடங்களில் என் கதை ஓடுகிறதோ. அப்பா, "பொம்மையோட போய் சண்டை போடறியே, உனக்கென்ன பைத்தியமா?" என்கிறார். அவருக்கு உன் மேல் எப்போதும் சந்தேகமே வராது. அதற்கும் சேர்த்து நான்தான் படவேண்டியிருக்கிறது.

நான் உன்னைக் கேட்பது ஒன்றுதான். அந்தப் பெண் நீயா, இல்லையா? நீதான் என்றால் மாதக் கடைசியில் வர வேண்டாம். என் முகத்தைப் போர்டிலேயே பார்த்துக்கொள்.

அம்மா

ஜூன் 26

அம்மாவுக்கு,

உன் சந்தேகத்தில் பாதி சரி. அதனால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

மதிப்பீடுகள் எங்களுக்குப் பெயர் இல்லாமல்தான் வரும். ஆனால் பள்ளிக்கூடம் எது என்று தெரியும், உங்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் நீ ஒருத்திதான். உன்னுடையதைத் தேடிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது, பார்த்தேன். அந்தத் தாடிக்காரருக்கு நான் உன் மகள் என்பதுகூடத் தெரியாது. அவர் எல்லோரையும் பார்த்து அப்படித்தான் சிரிப்பார்.

ஆனால் வாயாடி நானில்லை. அவளை எழுதியது என் பக்கத்து மேஜைக்காரன். அவனுடைய தங்கை அப்படியாம்.

நான் எழுதியது ஜன்னலோரத்துப் பெண்ணை.

தங்கமான பெண், வாயே திறப்பதில்லை என்று எழுதினாயே, அவளைத்தான். நீ எடுத்த எந்தப் பாடத்திலும் அவள் தலையைத் தொடவில்லை. கவனம் பெறாத அந்த ஒருவர் அவள்தான். நீ என்னை அடையாளம் கண்டுபிடித்துவிட்டதாக எழுதியபோது, அம்மா, எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டில் வாதாடிய பெண்ணைத்தான் உனக்கு ஞாபகம் இருக்கிறது. வகுப்பில் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியவே தெரியாது.

உன் வகுப்பில் மூன்று வருஷம் உட்கார்ந்தேன். பள்ளிக்கூட வாசல் தாண்டினால் நீ அம்மா இல்லை, டீச்சர். சொந்தப் பெண்ணுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது உனக்கு. நான் கையைத் தூக்கினால் பக்கத்துப் பெண்ணைக் கேட்பாய். டீச்சர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாமலா இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள், நீயும் நினைத்தாய். எனக்குப் பாதிக் கணக்கு புரிந்ததில்லை. வீட்டில் வந்து கேட்டால், "பள்ளிக்கூடத்தப் பள்ளிக்கூடத்தோட விட்டுட்டு வா" என்பாய். பிறகு நான் கையைத் தூக்குவதை விட்டுவிட்டேன். வீட்டில் சோற்றுக்கும் துணிக்கும் வாதாடினேன், அதற்காவது நீ பதில் சொன்னாய்.

உன் மானத்தை வாங்க நான் அவளை எழுதவில்லை. ஏதோ ஓர் ஊரில் யாராவது ஒரு டீச்சர் அவளைத் தொடமாட்டாரா என்று எழுதினேன். தொட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தால் அவள் பேசுவாள். பெரும்பாலானோர் காத்திருப்பதில்லை.

வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். வரவில்லை. டிக்கெட் போடாததும் நல்லதாகப் போயிற்று.

பாப்பா

ஜூலை 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை நான் முதலில் நம்பவில்லை. என் மனசு அப்படி, நீ அறிந்ததுதான். வாயாடியைக் காப்பாற்ற இன்னொருத்தியைக் காட்டுகிறாய் என்று நினைத்தேன். அதனால் நேற்று மணி அடித்து எல்லோரும் போன பிறகு, தாடிக்காரத் தம்பியைப் பிடித்து உட்கார வைத்து, போர்டைப் போடச் சொன்னேன். "மேடம், பஸ் போயிடும்" என்றான். "போகட்டும்" என்றேன்.

மைனஸ் பாடத்தையே எடுத்தேன். வாயாடி துள்ளினாள், "உக்காரு, உன்னக் கேக்கல" என்றேன். ஜன்னலோரத்துப் பெண்ணின் தலையைத் தொட்டேன். அவள் எழுந்தாள். பாவாடையைச் சரிசெய்தாள். தரையைப் பார்த்தாள். பாப்பா, எனக்குக் காத்திருந்து பழக்கமில்லை. பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, நானே சொல்லிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போயிருப்பேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தம்பி கடிகாரத்தைப் பார்த்தான். அப்புறம் அவள் மெதுவாகச் சொன்னாள்: "எனக்குப் புரியல டீச்சர்."

அது உன் குரல் இல்லை. ஆனால் அந்த "டீச்சர்" உன்னுடையது.

விதி என்று சொல்ல வாய் வரவில்லை. தம்பியை எழுப்பி, "பின் சுவரப் பாத்துத் திரும்பி நில்லு. இது ஒரு மைனஸ். இப்போ பின்பக்கமா நட. இது இன்னொரு மைனஸ்" என்றேன். அவன் தட்டுத் தடுமாறி நடந்து நேரே அவள் இருக்கும் பக்கம் வந்து சேர்ந்தான். "பாத்தியா, முன்னால வந்துட்டான். அதான் பிளஸ்" என்றேன். இவ்வளவு வருஷம் இதைச் சொல்லத் தெரிந்தவளாகத்தான் இருந்திருக்கிறேன், யாரும் நிறுத்திக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நீ வீட்டில் வந்து கேட்டதை மறந்துவிட்டு.

அவள் நின்றுகொண்டு என்னையே பார்த்தாள். "புரிஞ்சுதாம்மா?" என்றேன். பார்த்துக்கொண்டே இருந்தாள். தம்பி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அவளுக்கு அதுக்கு மேல எதுவும் எழுதி வைக்கல மேடம். யாரும் இந்த இடம் வரைக்கும் வந்ததில்ல போல" என்றான்.

எழுதத் தெரியாமல் விட்டாயா, எழுதப் பிடிக்காமல் விட்டாயா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். இதிலும் சந்தேகம்தான், என்ன செய்ய. ஆனால் எனக்குப் புரிந்தவரை, டீச்சர் சொல்லிக்கொடுத்தால் அந்தப் பெண் என்ன சொல்வாள் என்று உனக்கே தெரியாது. தெரிந்துகொள்ள நான் உனக்கு வழி வைக்கவில்லை.

வர வேண்டாம் என்று எழுதியது நான்தான். வா என்று எழுதுவதும் நான்தான். அப்பாவிடம் டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன். முட்டி வலியோடு போய் வரிசையில் நின்றார், ஒரு வார்த்தை முனகவில்லை.

வந்து உட்கார்ந்து எனக்குப் பதில் சொல்: புரிந்ததா? புரியவில்லை என்றால் அதையும் சொல். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். பள்ளிக்கூடத்தில் இல்லை, நம் வீட்டில்.

அம்மா