அன்று கரண்டு போகவில்லை

சுசீந்திரம்
மாசி 12, திங்கள்

அன்பு மகள் அஸ்வதிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிர் ஊரில் நீயும் ஹலீனாவும் அப்படியே இருக்கத் தாணுமாலயன் துணை. உனக்குக் கடிதம் எழுதி ஏழெட்டு வருஷம் இருக்கும், நீ கார்கிவுக்கு மெடிசின் படிக்கப் போன புதிதில் எழுதியது. அதன்பிறகு எல்லாம் போன்தான். போனில் நான் தொடங்கினால் நீ பாதியிலேயே பதில் சொல்லிவிடுவாய். இது பாதியில் நிற்கக் கூடாத விஷயம். மயிலாடி ஜேசுதாஸ் மகள் ஜெஸ்மி லீவு முடிந்து வியாழக்கிழமை உங்கள் ஆஸ்பத்திரிக்கே திரும்புகிறாள் அல்லவா, அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். அம்மா முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் வற்றலும் கட்டி வைத்திருக்கிறாள். அதற்குள் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. அதில் நீ கேட்ட மெமரி கார்டு. கெட்டுப்போயிற்று என்று சொன்னேனே, அதுதான். கெடவில்லை. கார்டைப் போடுவதற்கு முன் இதைக் கடைசிவரை வாசித்துவிடு.

இங்கே கும்பப்பூ நெல் அறுப்பு தொடங்கிவிட்டது. மிஷின் கிடைக்காமல் ஒருவரோடொருவர் சண்டை. அம்மாவுக்கு வலது முட்டு வலி, கேட்டால் இடது முட்டைக் காட்டி இது நல்லா இருக்குல்லா என்கிறாள். உன் அத்தை மகன் சுதீஷ் கறுப்புப் பெட்டி ஸ்பீக்கர் எட்டு வாங்கிவிட்டான், மாமா உம்ம குழாயெல்லாம் கோழிக்கு அடைவைக்கக் குடுத்திரும் என்று கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனான். நான் இன்னும் குழாய் ஸ்பீக்கரை விடவில்லை. நாளைக்குச் சிவாலய ஓட்டம், திக்குறிச்சிப் பக்கம் ஒரு மோர்ப்பந்தலுக்கு மைக் கட்டப் போகவேண்டும். இன்றைக்கு வேலை இல்லை. காலையில் பேப்பரில் போட்டிருந்தது, உக்ரைன் சண்டை தொடங்கி இன்றோடு மூன்று வருஷம். பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

அந்த நாட்கள் அடிக்கடி ஞாபகம் வருகின்றன. மெட்ரோ ஸ்டேஷனுக்குள் ஒன்பது நாள் இருந்தீர்கள். சிக்னல் கிடைக்கும்போது நீ அனுப்பிய அரை நிமிஷ வீடியோ ஒன்று. பிளாட்பாரம் முழுக்கப் போர்வை, படுத்துக் கிடக்கும் பிள்ளைகள், படியில் கோட்டு போட்ட ஒரு பெண் நின்று பாடுகிறாள். எங்க மாடி வீட்டுக்காரிப்பா, ஓபராவுல பாடுறவங்க என்று எழுதியிருந்தாய். ஓபரா என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அறுபது வாத்தியம் கீழே முழங்க, அதற்கு மேலே ஒரு தொண்டை, மைக் இல்லாமல், கடைசி வரிசை வரைக்கும். முப்பது வருஷம் மைக் செட் நடத்துகிறவனுக்கு அது நம்புகிற மாதிரி இல்லை. நம்பாமலே அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று அம்மாவிடம் கேள். அந்த ஹலீனாதான் உன்னை ஜன்னல் வழியாக ரயிலுக்குள் தள்ளி ஏற்றியவள், எல்லை தாண்டும் மட்டும் கையை விடாதவள். பிறகு ஜெர்மனியில் அவளுக்கு வேலை கிடைத்து, நீ படிப்பை முடித்து அதே ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த ஓபராக்காரர்கள் அவளிடம், பாடலாம், திரை விழுந்த பிறகு சண்டையைப் பற்றிப் பேசக் கூடாது என்று சொன்னார்களாம், அவள் வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாளாம். இப்போது பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள், சனிக்கிழமை தோறும் ரயில் நிலையத்துக்கு முன்னால் காணாமல் போனவர்களின் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், ஒரு பாட்டு, பிறகு பெயர்களை வாசிப்பு. நீ இதையெல்லாம் சொன்ன அன்று அந்த ஓபராக்காரர்களை நான் என்ன சொன்னேன், நினைவிருக்கிறதா. நட்டெல்லு இல்லாத பயலுவ. அப்படித்தான் சொன்னேன்.

போன வருஷம் தை மாதம் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாய். பதினொரு நாள். இந்த வீட்டில் அவ்வளவு சத்தம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. காலையில் மொட்டைமாடியில் நின்று ஸ்வரம் ஏற்றி இறக்குவாள், பக்கத்து வீட்டுச் செல்லபாய் முதல் நாள் வாரியலோடு ஓடி வந்து, ஏட்டி, உன் வீட்டுல யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். அம்மா, ஒண்ணும் ஆகல்ல, அவ தொண்டையைத் தேச்சுக் கழுவுகா என்றாள். மறுநாளிலிருந்து செல்லபாய் அந்த நேரத்துக்குத்தான் முற்றம் தெளிப்பாள். மயிலாடியில் கல் கொத்துகிற பட்டறைக்குக் கூட்டிப்போனபோது, ஒவ்வொரு உளியும் என்ன சுருதி என்று சொல்லி அந்த ஆசாரிமாரைச் சிரிக்க வைத்தாள். அவியல் சாப்பிட்டாள். மரச்சீனிக் கிழங்கைக் கண்டால் விடமாட்டாள். கடையில் நான் ஒரு மைக்கைக் கொடுத்துப் பாடச் சொன்னேன், ஒரே ஸ்வரம், மிக்சரில் சிவப்பு விளக்கு எரிந்து குழாய் அலறியது. அவள் மைக்கைப் பூனைக்குட்டி மாதிரி இரண்டு விரலால் தூக்கித் தூரமாக வைத்தாள். எனக்கு அவளை அவ்வளவு பிடித்திருந்தது, மக்கா. அதைத் தெரிந்துகொண்டு மீதியை வாசி.

நூலக வாசகர் வட்டத்துப் பொங்கல் விழா. பந்தல், முந்நூறு பேர், சாயங்காலம் நாலரை மணி வெயில். அவள் பாடுவாள் என்றுதான் நோட்டீஸ். பாடுவதற்கு முன்னால் கொஞ்சம் பேசுகிறேன் என்று மைக் முன்னால் வந்தாள், இரண்டு வாக்கியம் அவள், இரண்டு வாக்கியம் நீ தமிழில். தம்பி பொக்தான், ட்ராம் ஓட்டுகிறவன், அடுத்த நிறுத்தத்தின் பெயரை ட்ராம் மைக்கில் பாட்டாகப் பாடுவான், பயணிகள் திட்டுவார்கள் என்று நீ சொன்னதும் பெண்கள் சிரித்தார்கள். எட்டு மாதமாக அவனைக் காணவில்லை என்றாய். சிரிப்பு நின்றது. அவள் பையில் இருந்து படத்தை எடுத்தாள். அப்போது மூன்றாவது வரிசையில் ஒரு கை போனைத் தூக்கிப் பிடித்ததைப் பார்த்தேன். கான்ட்ராக்டர் ராஜையன். கிழக்கே அணுமின் நிலையத்து டவுன்ஷிப்பில் புத்தாண்டு விழாவுக்கு நாலு வருஷமாக எனக்கு மைக் வேலை வாங்கித் தருகிறவர். அங்கே ரஷ்யக் குடும்பங்கள் இருக்கின்றன. இந்த வீடியோ அங்கே போனால், வள்ளிநாயகம் மைக்கில் இது பேசப்பட்டது என்று ஆனால் என்ன ஆகும் என்று தோன்றியது. யாரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் என்னைப் பார்க்கக்கூட இல்லை. நான் மிக்சரில் வால்யூமை இறக்கினேன். முழுவதும். நீ ஓடி வந்து என்னப்பா என்று கேட்டாய். கரண்டு போயிட்டு, ஜெனரேட்டருக்கு டீசல் வீட்டுல இருக்கு, எடுத்திட்டு வா என்று உன்னை ஸ்கூட்டரில் அனுப்பினேன். அன்று கரண்டு போகவில்லை.

கார்டைப் போட்டால் நீயே கண்டுபிடித்துவிடுவாய். விழாவைப் பதிந்த ரெக்கார்டர், மிக்சர் செருகிய அதே சுவிட்ச் பலகையில் இருந்துதான் கரண்டு எடுக்கிறது, பேட்டரி கிடையாது. கரண்டு போயிருந்தால் ரெக்கார்டும் நின்றிருக்கும். கல்யாண வீட்டில் குழாய் கீச்சிட்டு வால்யூமைக் குறைத்தாலும் பதிவு கெடக் கூடாது என்று மைக் ஒயரை ரெக்கார்டருக்குத் தனியாகப் பிரித்து விட்டிருக்கிறேன், பத்தாம் வகுப்பு லீவில் உனக்குக் காட்டித் தந்ததுதான். அதனால் நீ போன பிறகு அவள் பேசியது எல்லாம் அதில் இருக்கிறது. ஏழு நிமிஷம். குழாயில் சத்தம் இல்லை, தமிழில் சொல்ல நீ இல்லை, ஆனாலும் அவள் முன்வரிசையைப் பார்த்து அவள் மொழியிலேயே பேசிக்கொண்டிருந்தாள். நீ கார்டைக் கேட்டதில் இருந்து இந்த மூன்று வாரமும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு வார்த்தை புரியாது. பொக்தான் என்று பதினோரு தடவை வருகிறது. ஓர் இடத்தில் அவளே சிரிக்கிறாள். ஓர் இடத்தில் குரல் நின்றுவிடுகிறது, அப்போது செல்லபாய் தண்ணீரோடு எழுந்து மைக் பக்கத்தில் போய், அழாத மக்கா, சொல்லு, நீ சொல்லு என்கிறாள். அவள் மறுபடி சொல்லத் தொடங்குகிறாள். அதற்குப் பிறகுதான் பாட்டு, மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு. அந்தப் பாட்டு பந்தலைத் தாண்டி வயலுக்கு அந்தப்பக்கம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் வரைக்கும் கேட்டது என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். நான் தலை நிமிர்ந்து கேட்கவில்லை.

விழா முடிந்து ராஜையன் வந்து, என்ன வே வள்ளிநாயகம், நல்ல நேரத்துல கரண்டைப் போக்கிட்டீரே, எம் பொண்டாட்டிக்குக் காட்டணும்னுல்லா வீடியோ பிடிச்சிக்கிட்டு நின்னேன் என்றார். ஹலீனா வந்து என் தோளில் கை வைத்தாள். எங்க ஊரிலும் இப்படித்தான் கரண்டு போகும், நீங்க வருத்தப்படாதீங்க என்று சொன்னதாக நீதான் சொன்னாய். பிறகு ஒருநாள் போனில், மைக் இல்லாததால்தான் தம்பியைப் பற்றி அவ்வளவு மனம் விட்டுப் பேச முடிந்ததாம் அப்பா என்றாய். ஒரு வருஷம் அதை ஊன்றிக்கொண்டு நடந்தேன். இனி முடியாது. அவள் மைக் முன்னால் வந்து நின்றது முந்நூறு பேருக்குச் சொல்லத்தான். முன்வரிசைக்கு மட்டும் கேட்கும்படி செய்தவன் நான். தம்பி உடல் கிடைத்து அடக்கமும் ஆன பிறகு, ஹலீனா அவனைப் பற்றி எங்கேயும் வாய் திறக்கவில்லை, கேட்டால் எல்லாம் சுசீந்திரத்தில் சொல்லிவிட்டேன் என்கிறாள், நாற்பதாம் நாள் பிரார்த்தனைக்கு அந்த ரெக்கார்டு வேண்டும் என்று நீ கேட்டாய். நான் கெட்டுப்போயிற்று என்றேன். தேடுகிறேன் என்றேன். மூன்றாவது தடவை, இல்லைன்னா விடுங்கப்பா என்றாய்.

இனி நீ செய்யவேண்டியது. கார்டைக் கொடுக்கும் முன் இந்தக் கடிதத்தை அவளுக்கு அவள் மொழியில் வாசித்துச் சொல். என் மகள் நீ, சில இடங்களில் அப்பாவுக்காக வார்த்தையை மெதுவாக்கத் தோன்றும். அது வேண்டாம். அவள் கோபப்பட்டால் படட்டும், என்னிடம் பேச வேண்டாம் என்றால் அதுவும் நியாயம். அவள் சம்மதித்தால் மட்டும் அந்த ஏழு நிமிஷத்தையும் தமிழில் எழுதி அனுப்பு. செல்லபாய் என்னைக் காணும்போதெல்லாம், அந்தப் பிள்ளை அண்ணைக்கு என்னதான் சொல்லிச்சு என்று கேட்கிறாள். நூலகத்து முற்றத்தில் நாலு திசைக்கும் குழாய் கட்டி, ராஜையனையும் முன்னால் உட்கார வைத்து, நானே வாசிக்கிறேன். டவுன்ஷிப் வேலை போனால் போகட்டும்.

இதுவரை எழுதியதை இப்போது அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முறத்தில் இருந்து கை எடுக்காமல் கேட்டாள். முடிந்ததும், அது எனக்கு அண்ணைக்கே தெரியும் என்றாள். டீசல் எடுக்க வந்த நீ அடுக்களையில் நின்று மேலே பார்த்தாயாம், அம்மா, ஃபேன் ஓடுகே என்று கேட்டாயாம், பிறகு டீசலை எடுத்துக்கொண்டு போனாயாம். தெரிந்துகொண்டே மூன்று தடவை கேட்டிருக்கிறாய்.

நீயும் அவளும் நன்றாக இருக்க வேண்டும், உன் கை தொட்ட நோயாளிகள் எழுந்து நடக்க வேண்டும், பொக்தானின் ஆத்மா சாந்தி அடைய வேண்டும். முந்திரிக்கொத்து வைத்த தூக்குவாளி ஜெஸ்மியின் அம்மா நேசம்மாளுடையது, கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுக்க மறக்காதே. சனிக்கிழமை அங்கே குளிரில் நிற்கும்போது காதை மூடிக்கொண்டு நில். இதை வாசித்த அன்றே கூப்பிடு. நீ கேள், இந்தத் தடவை சொல்கிறேன்.

அன்புள்ள அப்பா
ப. வள்ளிநாயகம்