போன் பிடிக்கும் ஊழியம்

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். முழங்கால் வலி குறைந்ததா? நாங்கள் எல்லாரும் சுகம். போனில் பேசினால் அக்கா பக்கத்தில் இருப்பாள், கூச்சமாக இருக்கும். அதனால் எழுதுகிறேன்.

இங்கே சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா புல்வெளியில் நான் முதலில் கவனித்தது, உட்கார்ந்திருந்த நம்மூர்த் தொழிலாளர்கள் எல்லாருமே போனில் ஊர் முகங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்ததுதான். ஞாயிறு மட்டும்தான் அவர்களுக்கு லீவாம். ஊழியத்துக்கு வந்த அத்தானும் அக்காவும் நீட்டிய கைப்பிரதிகளை யாரும் வாங்கவில்லை.

கட்டட வேலை பார்க்கும் இளமாறன் என்பவருக்கு வலது கையில் பெரிய கட்டு. அத்தான், "தம்பி, உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?" என்றார்.

"அப்புறம் ஜெபிக்கலாம்ணே. அம்மாகிட்ட பேசணும். இந்தக் கட்டு தெரியாம யாராச்சும் போனைப் பிடிங்க."

இது பொய்யில் சேருமா என்பதுபோல அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, "நீ பிடிடி" என்றாள்.

அம்மா, நீங்களும் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள். எனக்கு உங்கள் நெற்றி மட்டும்தான் தெரிகிறது.

குழந்தை எழுந்துவிட்டான், சீக்கிரம் முடிக்கிறேன். நான் பிடித்திருந்த போனில் இளமாறனின் அம்மா திடீரென்று, "ஏன்டா ஒருச்சாய்ச்சு உக்காந்திருக்க? கையைக் காட்டு" என்றார். நான் போனை என் முகத்துக்குத் திருப்பி, "சாப்டீங்களாம்மா?" என்று கேட்டேன்.

உங்கள் மகள்,
ஜெசிந்தா