கழுவிய கற்களும் ஒரு தமிழ்ப் பக்கமும்

அத்தான்,

இன்று காலை ஆவணக் காப்பகத்தில் உங்கள் குறிப்புப் புத்தகம் ஒன்றைத் திறந்ததும் நுளம்பெண்ணெய் மணம் மூக்கில் அடித்தது. வடக்கே காடு காடாய்த் திரிந்த கோடைகளில் நுளம்புக் கடிக்கு நீங்கள் கழுத்திலும் காதிலும் பூசிய அதே எண்ணெய். ஒரு பக்கத்தில் நசிந்த நுளம்பு கூட அப்படியே ஒட்டிக் கிடந்தது. உங்கள் கடதாசிகளை அடுக்கிப் பட்டியல் போடுகிற வெள்ளைக்காரப் பிள்ளை, நான் அழப்போகிறேன் என்று நினைத்து மெல்லிசான தாள் ஒன்றை நீட்டினாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்த மணத்தோடு நீங்கள் வாசலில் வந்து நிற்பதும், "முதல் குளிச்சிட்டு வாங்கோ, பிறகு கதைப்பம்" என்று அக்கா கத்துவதும் நினைவுக்கு வந்தன.

கடதாசிகளில் பிரச்சினை இல்லை என்றாள் அந்தப் பிள்ளை. சிக்கல் கற்களில்தான். புத்தகங்கள் பழையவை, கற்களில் உள்ள எண்களோ மிகப் பிந்தி, புது மையில் எழுதப்பட்டவை. ஏன் என்று தெரியாவிட்டால் அந்த எண்களை நம்ப முடியாது, கற்களை ஏற்கவும் முடியாது, கடதாசிகளை மட்டும் வைத்துக்கொள்வோம் என்றாள். பிறகு, "கடைசிப் புத்தகத்தில் ஒரு பக்கம் மட்டும் வேறு எழுத்தில் இருக்கிறது. உங்கள் மொழி என்று நினைக்கிறேன். வாசித்துச் சொல்வீர்களா?" என்று கேட்டுவிட்டு அதை எடுத்துவர உள்ளே போனாள்.

அது எந்த நாளில் எழுதிய பக்கம் என்று எனக்குத் தெரியும்.

புவிச்சரிதவியலாளர் என்பது உங்கள் உத்தியோகப் பெயர். எங்கள் சனத்துக்கு நீங்கள் 'கல்லுக்காரர்'. கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால், மற்ற ஆம்பிளைகள் வீட்டு விலை கதைப்பார்கள். நீங்கள் படிக்கட்டுக் கல்லைக் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். அக்கா கண்ணை மூடின பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் மாறி மாறி இல்-பிசார் தீவில் இருக்கிற உங்கள் வீட்டுக்கு வந்து உங்களுக்குச் சமைத்து வைத்தேன். நீங்கள் கேட்கவில்லை. நானும் கேட்டுச் செய்கிற ஆள் இல்லை.

உங்களுக்கு இருதய ஒப்பரேசன் நடந்த மாதம் வீட்டைப் பூட்டித் திறக்கிற திறப்பு என்னிடம் இருந்தது. மனுசன் நல்லபடியாய்த் திரும்பி வருகிறார், வீடு வீடாய் இருக்க வேண்டாமோ என்று பேஸ்மெண்டுக்கு இறங்கினேன். ஐயோ, அந்தத் தூசு! தட்டுத் தட்டாய் எழுநூறு கல்லுக்கு மேலே. ஒவ்வொன்றின் கீழும் பழுத்துப்போன கடதாசித் துண்டு. ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு பொட்டு, அதில் ஏதோ கிறுக்கல்.

நான் கார்டரியில், அதுதான் குழந்தைகள் காப்பகத்தில், இருபத்தாறு வருசம் வேலை செய்தவள். வெள்ளிக்கிழமை என்றால் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் முழுவதையும் சுடுதண்ணீரில் சோப்புப் போட்டு உரஞ்சிக் காயவைத்த கை இது. நாலு நாள் எடுத்தது. பொட்டுகள் எல்லாம் கம்பிப் பஞ்சுக்கு அழகாய்க் கழன்று வந்தன. கடதாசித் துண்டுகளை மறுசுழற்சிப் பெட்டியில் போட்டேன். லொறி வந்து அள்ளிக்கொண்டு போனது. கற்களைப் பெரிது சிறிதாய், நிறம் நிறமாய் அடுக்கினேன். எனக்கே என்னில் பெருமை.

நீங்கள் வந்து, மூச்சு வாங்க வாங்கப் படியிறங்கி, கடைசிப் படியிலேயே இருந்துவிட்டீர்கள். ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பிரட்டிப் பார்த்தீர்கள். பிறகு இன்னொன்று.

"இந்தக் கல்லிலை சிவப்பாய் ஒண்டு இருந்ததே?"

"அது தண்ணியிலை போட்டவுடனை போயிட்டுது அத்தான். சாயம் எண்டு நினைச்சன்."

"அது சாயமில்லை. தண்ணி பட்டால் கரையிற கனிமம்."

"கல்லும் கரையுமோ?" என்று சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது. எந்தக் கல் எந்த மலையில் எந்த இடத்தில் எடுத்தது என்று அந்தப் பொட்டும் துண்டும்தான் சொல்லும். அது இல்லாவிட்டால் றோட்டோரக் கல்லும் இதுவும் ஒன்று. நாற்பது வருச உழைப்பை நாலு நாளில் கழுவி ஊற்றிவிட்டேன்.

நீங்கள் திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கத்தி அழுது ஆறியிருப்பேன். நீங்கள், "தேத்தண்ணி ஒண்டு ஊத்தும்," என்றுதான் சொன்னீர்கள். நான் கோப்பையோடு வந்தபோது புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தீர்கள். என்னைக் கண்டதும் மூடினீர்கள். அதற்குப் பிறகு அதைத் திறந்து பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

அடுத்த கிழமை தொடங்கினோம். நீங்கள் பழைய புத்தகங்களை ஒவ்வொரு வரியாய் வாசிப்பீர்கள்: பாரம் இவ்வளவு, ஒரு மூலை உடைந்தது, கறுப்புக்குள் பச்சைக் கீறு. நான் சமையல் தராசும் பூதக்கண்ணாடியுமாய்த் தேடுவேன். வெளியே பனி கொட்டும். உள்ளே நாங்கள் மீன் சந்தையில் போலச் சண்டை பிடிப்போம். ஒருநாள் நீங்கள் எண் எழுதி முடித்த கல்லை நான் திரும்பத் தராசில் நிறுத்து, "இது அது இல்லை அத்தான், பாரம் பாருங்கோ," என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தீர்கள். "ஓம், நீர் சொல்லுறதுதான் சரி," என்று எண்ணைச் சுரண்டினீர்கள். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை.

ஒரே ஒரு முறைதான் உங்களுக்குக் கோபம் வந்தது. மிஞ்சின கொஞ்சக் கற்களோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய் நான் சொன்னேன்: "குத்துமதிப்பாய் ஒரு நம்பர் போடுங்கோவன். ஆர் பாக்கப் போயினம்?"

"கழுவினது தெரியாமல் செய்தது. இப்ப நீர் சொல்லுறது தெரிஞ்சு செய்யிறது," என்றீர்கள். அந்தக் கற்களுக்கு எண் போடவில்லை. 'இடம் தெரியாது' என்று எழுதி வேறாக வைத்தோம்.

இரண்டு பனிக்காலம் அப்படிப் போனது. மூன்றாவதுக்கு நீங்கள் இல்லை.

அந்தப் பிள்ளை புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். வாழ்நாள் முழுவதும் இங்கிலீசில் குறிப்பு எழுதிய மனுசன், அந்த ஒரு பக்கத்தைத் தமிழில் எழுதியிருந்தீர்கள். கல்லைப் பற்றி எழுதுகிற அதே ஒழுங்கில்.

'இன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன். கற்கள் கழுவப்பட்டுள்ளன. எண்கள் இல்லை. துண்டுகள் இல்லை. கழுவியவர்: மச்சாள். காரணம்: நான் உயிரோடு வீட்டுக்கு வருகிறேன் என்ற சந்தோசம். புத்தகங்களை வைத்துத் திரும்ப எழுதலாம். இருவர் தேவை.'

மறைக்கத் தெரியாத ஆள் நீங்கள். எழுதாமல் விட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் யார் முதலில் வாசிக்க வேண்டும் என்று யோசித்துத்தான் தமிழில் எழுதியிருக்கிறீர்கள். 'கடையில் வாங்க வேண்டிய சாமான்' என்று நான் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை நம்பியிருப்பாள். உண்மையைச் சொல்கிறேன், அத்தான், அரை நிமிசம் அந்த எண்ணமும் வந்தது. கல்லுக்காரரின் கல்லை நாசமாக்கினவள் என்று என் பெயர் அங்கே காலத்துக்கும் கிடக்குமே என்று யோசித்தேன்.

பிறகு வரி வரியாக, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். 'காரணம்' வந்தபோது கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. அவள் நீட்டிய தாள் அப்போதுதான் உதவியது.

அவள் எல்லாவற்றையும் தட்டச்சுச் செய்தாள். இது போதும், கற்களையும் எடுத்துக்கொள்வோம் என்றாள். பிறகு, 'மச்சாள்' என்பது யார், அவருடைய பெயரைப் பதியலாமா என்று கேட்டாள்.

"நான்தான்," என்றேன். "கழுவினது நான். திரும்ப எழுதினதில் பாதியும் நான்."

என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். உங்கள் பெயருக்குக் கீழே பதிந்தாள்.

அத்தான், அந்தப் பக்கத்தில் என் பிழை எழுதியிருக்கும் என்று இத்தனை காலம் பயந்து திரிந்தேன். எழுதித்தான் இருந்தது. ஆனால் நீங்கள் காரணத்தையும் எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியாது. இனி என் வீட்டில் யார் எதைப் போட்டு உடைத்தாலும், முதலில் காரணத்தைத்தான் கேட்பேன். கோபம் பிறகு வந்தால் வரட்டும்.