உன் அம்மை சொல்லாத பேர்

உ
சிவமயம்

தென்காசி,
ஆடி மாதம், 1962

சிரஞ்சீவி ஆவுடைநாயகத்துக்கு உன் அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மையும் உடம்புக்குச் சௌக்கியம், பட்டணத்தில் நீயும் இராமலட்சுமியும் குழந்தையும் நலமாக இருக்க விசுவநாதர் துணை நிற்கட்டும். மாசியில் வந்த நெஞ்சுவலி எனக்குத் திரும்ப வரவில்லை, மாடிப்படி ஏறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாரல் இந்த வருஷம் ஆனி பிறந்ததுமே பிடித்துக்கொண்டது, வயலில் நடவு முடிந்தது, வீட்டில்தான் துணி காய இடமில்லை. உடம்புக்குச் சௌக்கியம் என்று மட்டும் எழுதியதைக் கவனித்திருப்பாய், மனசுக்குச் சௌக்கியம் இல்லாததால்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் நீ வேலை பார்க்கும் வாரப்பத்திரிகையில் உன் பேர் போட்டு வந்த கட்டுரையை வாசித்தேன். நாடு சுதந்திரமாகிப் பதினைந்து வருஷமாகியும் நம் பெண்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஆரம்பித்து, ஓட்டுப் போடப் போன ஒரு தாயார் புருஷன் பேரைச் சொல்ல மாட்டாமல் ஓட்டை விட்டுவிட்டு வந்த கதையை எழுதி, அவள் என்னைப் பெற்றவள்தான், ஊர் தென்காசிதான் என்றும் நீயே சொல்லியிருந்தாய். புருஷனுக்குக் குற்றாலத்துச் சாமி பேர் என்பதால் குற்றாலம் என்ற ஊர் பேரைக்கூட அவள் உச்சரிப்பதில்லை, பஸ்ஸில் ஏறினால் அருவிக்கு ஒரு டிக்கெட் என்றுதான் கேட்பாள் என்பது வரை எழுதிவிட்டாய். எழுத்து நன்றாகத்தான் இருந்தது, எனக்கே இரண்டு இடத்தில் சிரிப்பு வந்தது, அதனால்தான் கோபம் இன்னும் அடங்கவில்லை.

நான் பழைய காலத்து மனுஷன்தான், மறுக்கவில்லை. தேர்தல் வந்தால் காரில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு விடிந்தது முதல் கத்துவதும், கோயில் மதிலில் கட்சிச் சின்னத்தை எழுதிவிட்டுப் போவதும், கும்பிட்டு ஓட்டுக் கேட்டவன் ஜெயித்த பிறகு தெருப் பக்கம் தலைகாட்டாததும் எனக்குப் பிடிக்கவில்லை, இதில் எந்தக் கட்சியும் எந்தக் கட்சிக்கும் சளைத்ததில்லை. பத்திரிகைக்காரர்களாவது இதைக் கேட்பீர்கள் என்று பார்த்தால் அட்டையில் நடிகை படமும் உள்ளே அடுத்தவீட்டுச் சமாசாரமுமாகப் போட்டு விற்கிறீர்கள். அதையெல்லாம் விடு, நடந்ததையாவது முழுசாக எழுதினாயா. நம் தெருவில் உன் அம்மையையும் சேர்த்து இரண்டு வடிவாம்பாள் இருப்பதால்தான் ஓட்டுச்சாவடியில் ஆபீசர் புருஷன் பேரைக் கேட்டார். இவள் தயங்கியதைப் பார்த்து அவரே பட்டியலை வாசித்து, இதுதானே அம்மா என்று கேட்கத்தான் போனாராம், கேட்டிருந்தால் தலையை ஆட்டியிருப்பாள். ஒரு கட்சி ஏஜெண்டுதான், அவள் வாயாலேயே சொல்லட்டும் என்று தடுத்துச் சிரித்திருக்கிறான். அவனைப் பற்றி உன் கட்டுரையில் ஒரு வரி இல்லை, சிரிப்பதற்கு உனக்கு உன் அம்மைதான் கிடைத்தாள்.

போன செவ்வாய்க்கிழமை அவளும் அடுத்த வீட்டுச் சொக்கம்மாளும் அருவியில் குளித்துவிட்டு வரலாம் என்று பஸ் ஏறினார்கள். எப்போதும் இவள் வாய் திறக்குமுன்னே டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற கண்டக்டர் அன்றைக்கு, "ஆச்சி, ஊர் பேரச் சொன்னாத்தான் டிக்கெட்டு. புஸ்தகத்துல வந்த ஆச்சி நீங்கதான?" என்றிருக்கிறான். பஸ் முழுக்கச் சிரிப்பு. அவன் கெட்டவன் இல்லை, நீ எழுதியதை ரசித்துப் படித்தவன், அவ்வளவுதான். உன் அம்மை அடுத்த நிறுத்தத்தில் இறங்கிச் சாரலில் நனைந்துகொண்டே நடந்து வந்துவிட்டாள், சொக்கம்மாள் குடையை விரித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாளாம். அன்றிலிருந்து அந்தப் பக்கம் போகவில்லை, கோயிலுக்குக்கூடக் கூட்டம் கலைந்த பிறகுதான் போகிறாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

நானும் எரிச்சலில் அவளைத்தான் கேட்டேன், சாமி பேர்தானே, ஓட்டுச்சாவடியில் ஒரு தடவை சொல்லித் தொலைத்திருந்தால் என்ன, நான் வேண்டாமென்றா சொல்லியிருப்பேன் என்று. அதற்கு அவள், "நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு நீங்க பாயில கெடக்கீய, நான் அங்கன நின்னு உங்க பேரச் சொல்லவா? ஓட்டு போனா போகட்டும்னு வந்துட்டேன்" என்றாள். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது அவளுக்கு அவள் அம்மை சொல்லிக் கொடுத்தது. மூடநம்பிக்கை என்று எழுதியிருந்தாய், இருக்கட்டும், வாதம் பண்ண நான் வரவில்லை. அவள் அடுப்படிக்குப் போன பிறகு நான் உட்கார்ந்து அழுதேன். நாட்டில் எத்தனையோ பேர் என்னிடம் ஓட்டுக் கேட்டிருக்கிறார்கள், என் உயிருக்காக ஓட்டை விட்டவள் அவள் ஒருத்திதான். சித்திரையில் நீ வந்திருந்தபோது உனக்குச் சோறு போட்டுக்கொண்டே தன்னைத் தானே கேலி பண்ணி அந்தக் கதையைச் சொன்னாள். ஏன் அப்படிச் செய்தாய் என்று நீ கேட்கவில்லை, சாப்பிட்டு எழுந்து போய்விட்டாய். பிள்ளை என்று நினைத்துச் சொன்னாளே தவிரப் பத்திரிகைக்காரனிடம் சொல்லவில்லை.

இதற்காக மறுப்பு, வருத்தம் என்று பத்திரிகையில் ஒன்றும் போட்டுவிடாதே, ஊர் இன்னொரு தடவை சிரிக்கும். நான் மேலே எழுதிய காரணத்தையும் கட்டுரையாக்கிவிடாதே. கொதித்து ஆறின தண்ணீரைத்தான் குழந்தைக்குக் கொடுக்க வேண்டும் என்று இராமலட்சுமியிடம் சொல். உன் குடும்பம் தழைக்கட்டும், எங்கள் ஆயுசையும் சேர்த்து நீங்கள் இருங்கள். ஆவணியில் லீவு கிடைத்தால் ஒருநாளாவது வந்து அவள் முன்னால் உட்கார்.

கடிதக் கடைசியில் உன் அம்மை சொல்லச் சொல்ல நாலு வரி நான் எழுதுவது வழக்கம். இன்றைக்கும் கேட்டேன், நல்லா இருக்கோம்னு எழுதுங்க, அது போதும் என்றாள். கடையத்தில் உன் தங்கை சண்முகசுந்தரிக்கு ஒரு நல்ல சேதி, கல்யாணமான நாள் முதல் நாம் எல்லாரும் காத்திருந்ததுதான், உனக்கும் சொல்லாமல் இருக்கலாமா என்று கேட்டேன். என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். "அவன்ட்டச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி" என்றாள். அதனால் அதை எழுதவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
குத்தாலிங்கம்