கவிழ்த்து வைத்த போன்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனியாக முனகிக்கொண்டிருக்கிறது. நீ சுகமா என்று கேட்டால் இருக்கேம்மா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய், அதனால் கேட்கவில்லை, சுகமாக இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஞாயிற்றுக்கிழமை நான் ஒன்று சொல்ல நீ ஒன்று சொல்ல, கடைசியில் சரிம்மா வைக்கிறேன் என்று நீ வைத்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போனில் எனக்கு வாய் முந்திக்கொள்கிறது, எழுதினால் கொஞ்சம் யோசிக்க முடிகிறது. தம்பி இதைப் படம் எடுத்து இன்றைக்கே உனக்கு அனுப்பிவிடுவான். படிக்காமல் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், படிப்பான்.

உன் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. முதியோர் இல்லத்துக்காரர்கள் பிசியோதெரபி வேலைக்கு வா என்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல் என்கிறார்கள். உனக்கோ அந்தக் குழந்தைகள் ஆஸ்பத்திரி மேல்தான் ஆசை, அவர்கள் இன்டர்வியூவில் சிரித்துப் பேசி அனுப்பிவிட்டு இன்றுவரை மூச்சுவிடவில்லை. நானே கூப்பிட்டுக் கேட்கட்டுமா என்று நீ கேட்டாய். கூடவே கூடாது, நாமாகப் போய்க் கேட்டால் மதிப்புப் போய்விடும், வேண்டும் என்றால் அவர்களே கூப்பிடுவார்கள், கூப்பிடவில்லை என்றால் உன்னைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம், பேசாமல் கிடைத்த வேலையில் சேர் என்றேன். அந்தப் பிடிக்கவில்லை என்ற வார்த்தையில்தான் நீ போனை வைத்தாய். அதற்கப்புறம் நான் வேலை பார்க்கும் சலவைப் பிரிவில் நடந்ததைச் சொல்கிறேன், உன் அம்மா எப்பேர்ப்பட்ட மேதாவி என்று நீயே முடிவு செய்.

எங்கள் ஆஸ்பத்திரியில் கிழிந்த துணி தைக்கிற அக்கா வேலையை விட்டுவிட்டார் என்று போன மாதம் சொன்னேன் அல்லவா. சன்னல் ஓரத்துத் தையல் மிஷின் சும்மா கிடக்கிறது, கிழிந்த பெட்ஷீட்டும் தலையணை உறையும் டாக்டர்களின் கவுனும் தள்ளுவண்டியில் மலையாகக் குவிந்துவிட்டன. ஆள் பார்க்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. வந்தவர்களில் இரண்டு பேர் தேறினார்கள். ஒருத்தி கண்ணாடி போட்ட சின்னப் பெண், மிஷினில் உட்கார்ந்ததும் முதலில் ஒரு கந்தல் துண்டில் ஓட்டிப் பார்த்து நூலின் இறுக்கத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் பெட்ஷீட்டைத் தொட்டாள், எனக்கு உடனே பிடித்துவிட்டது. இன்னொருவர் உயரமான அம்மா, என் வயது இருக்கும், வேகம் கொஞ்சம் குறைவு, ஆனால் படுப்பவர் முதுகில் உறுத்தக் கூடாது என்று ஒட்டுப்போட்ட ஓரத்தைத் தட்டையாக மடித்துத் தைத்தார். வேலை கண்ணாடிப் பெண்ணுக்கு என்று முடிவுசெய்து திங்கட்கிழமை அவளிடம் சொன்னேன். அவள், கொஞ்சம் டைம் குடுங்கக்கா, இன்னொரு இடத்துல சொல்றேன்னு சொல்லியிருக்காங்க, அதப் பாத்துட்டுச் சொல்றேன் என்றாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, இந்தக் காலத்துப் பெண்களுக்கு எவ்வளவு தலைக்கனம் பாருங்கள், வேலை தருகிறேன் என்றால் யோசித்துச் சொல்கிறாளாம் என்று அப்பாவிடம் பொரிந்து தள்ளினேன். அவர் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே, நம்ம பாப்பாவும் அதத்தானே பண்ணிட்டிருக்கா, அது மட்டும் தலைக்கனம் இல்லையா என்று கேட்டார். உன் அப்பா எப்போதாவதுதான் வாயைத் திறப்பார், திறந்தால் இப்படித்தான்.

இதற்கு நடுவில் அந்த உயரமான அம்மா போன் பண்ணி, ஏதாச்சும் முடிவாச்சுங்களா என்று கேட்டார். பாத்துட்டுச் சொல்றோம்மா என்றேன். நேற்று சாயங்காலம் மறுபடியும் கூப்பிட்டார், அவர் நம்பரைப் பார்த்ததும் நான் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டேன். அவரைப் பிடிக்காமல் இல்லை பாப்பா. அவரை விட்டுவிடவும் மனசில்லை, வா என்று சொல்லவும் வழியில்லை, கண்ணாடிப் பெண் வாய் திறக்கும்வரை அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை, அந்தக் கூச்சத்தில்தான் கவிழ்த்தேன். போன் மணி அடித்து ஓய்ந்த பிறகு உன் ஞாபகம் வந்தது. உன் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலும் என்னைப் போல ஒருத்தி தலையில் ஆயிரம் வேலையோடு உட்கார்ந்திருப்பாள். வேறு யாருடைய பதிலுக்கோ காத்திருப்பாள், இல்லை மேலே இருப்பவரின் கையெழுத்துக்காகக் காத்திருப்பாள். உன்னைப் பிடிக்கவில்லை என்று நான் எதை வைத்துச் சொன்னேன், எனக்கு என்ன தெரியும்.

இன்று காலையில் மனசு கேட்காமல் நானே அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். இன்னொரு பெண்ணைக் கேட்டிருக்கிறோம், அவள் வரவில்லை என்றால் நீங்கள்தான் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் கோபப்படவில்லை. எனக்கு யூனிஃபார்ம் தைக்கிற கம்பெனியில வேலை குடுத்தாங்க, நீங்க கூப்பிடுவீங்களோன்னு கடைசிவரைக்கும் இழுத்துப் பாத்தேன், நேத்தோட கெடு முடிஞ்சுது, வர்றேன்னு சொல்லிட்டேன் என்றார். உங்க இடந்தான் எனக்குப் பிடிச்சிருந்துது, முதல் தடவ பேசினப்ப கெடு இருக்குன்னு சொன்னா தொந்தரவா நினைப்பீங்களோன்னு சொல்லல, நேத்து சொல்லிடலாம்னுதான் கூப்பிட்டேன், நீங்க வேலையா இருந்தீங்க போலிருக்கு என்றார். வேலையா இருந்தீங்க போலிருக்கு என்று அவர் எனக்கே சாக்குத் தேடிக் கொடுத்தார். முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மேலே போய்ச் சண்டை போட்டாவது அவரை வைத்திருப்பேன். மத்தியானம் கண்ணாடிப் பெண் நேரில் வந்து, அந்த எடமே கெடச்சிடுச்சுக்கா, மன்னிச்சிருங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆக இருவருமே இல்லை. இன்று நானே மிஷினில் உட்கார்ந்து தைத்தேன், பள்ளிக்கூட நாடகத்துக்கு நான் தைத்துக் கொடுத்த அங்கியில் கை நுழையாமல் நீ மேடையில் நின்றது ஞாபகம் இருக்கும், நோயாளிகள் பாவம்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை சொன்னதை அம்மா வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நாளைக்குக் காலையில் அந்த ஆஸ்பத்திரியைக் கூப்பிடு. கெஞ்ச வேண்டாம், மிரட்டவும் வேண்டாம், எனக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது, வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும், எனக்கு விருப்பம் உங்கள் இடத்தில்தான் என்று இதையே சொல். எடுக்கவில்லை என்றால் மறுபடியும் கூப்பிடு, போனைக் கவிழ்த்து வைத்திருப்பவளும் கல்நெஞ்சுக்காரி இல்லை. முடியாது என்று சொல்லிவிட்டால் அழுகை வந்தால் அழு, அழுதுவிட்டு முதியோர் இல்லத்துக்கு முழு மனசோடு போ. அங்கேயும் உன் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள், வேறு வழியில்லாமல் வந்தவள் என்ற முகத்தை அவர்களிடம் காட்டாதே.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், போனில் என்றால் சொல்ல மாட்டேன். முதியோர் இல்லம் இருக்கிற ஊரிலிருந்து நீ ஒரே ரயிலில் வீட்டுக்கு வந்துவிடலாம், குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் இப்போது நீ இருக்கும் இடத்தைவிடவும் தூரம். கிடைத்த வேலையில் சேர் என்று நான் அடித்துப் பேசியதில் பாதிதான் உனக்காக, மீதிப் பாதி எனக்காக. உன்னைப் பார்க்காமல் இருப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, அது உண்மை. ஆனால் அது என் கஷ்டம், நீ முடிவெடுக்கும்போது அந்தப் பாதியைக் கழித்துவிடு. எந்தப் பக்கம் போனாலும் ஏன் என்று நான் கேட்க மாட்டேன், அப்பா எப்படியும் கேட்க மாட்டார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, காலையில் பேசப் போவதற்கு முன்னால் கட்டாயம் சாப்பிடு, வெறும் வயிற்றில் உனக்குக் குரல் நடுங்கும். தம்பி விசாரித்ததாக எழுதச் சொன்னான். நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், உன் கையால் நாலு பேர் எழுந்து நடக்கட்டும், நன்றாக இரு. நாளைக்கும் நான்தான் மிஷினில். போனைத் தையல் மேசைமேல் முகம் தெரிய நிமிர்த்தி வைத்திருப்பேன், என்ன பதில் வந்தாலும் முதலில் என்னைக் கூப்பிடு, எடுத்துவிடுவேன்.

ஆசிகளுடன்,
உன் அம்மா