சாஃப்ட் போடச் சொன்ன மகனுக்கு

கணபதி, கோயமுத்தூர்
18-2-97

அன்புள்ள கண்ணு மனோஜுக்கு,

அம்மா எழுதுவது. அங்கே குளிர் கொஞ்சம் குறைந்து, உன் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க மாசாணியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே அப்பா நலம். கிணத்துக்கடவில் உன் மாமா தோட்டத்தில் புதிதாகப் போட்ட போரில் தண்ணீர் வந்துவிட்டது, தென்னைகள் பிழைத்தன. உன் தங்கை நந்திதாவுக்கு இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு, ஆறு வாரம் ஆகும் என்றார் டாக்டர். வலி குறைந்திருக்கிறது, தலை பின்னிவிட மட்டும் நான் வேண்டும். இதையெல்லாம் உனக்குப் போனிலேயே சொல்லிவிட்டேன். போனில் கேட்க வாய் வராத ஒன்றுக்காகத்தான் இந்தக் கடிதம்.

நீ அனுப்பிய டயர், மெது ரப்பர் சாஃப்ட் ஒரு செட், கொஞ்சம் கெட்டியான மீடியம் ஒரு செட், இரண்டையும் ஸ்ரீபெரும்புதூர் டிராக்கில் ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை பிராக்டிஸில் போட்டுப் பார்த்தோம். ஸ்டாப்வாட்ச் வழக்கம்போல என் கையில். சாஃப்ட்டில் ஒரு ரவுண்டுக்கு ஒன்றரை செகண்ட் குறைந்தது, நந்திதாவுக்கு ஒரே சந்தோஷம். ஐந்து ரவுண்டு ஓட்டி முடித்து அவள் வந்து நின்றதும் அப்பா பின்டயரைத் தடவிப் பார்த்தார். ரப்பர் திரி திரியாக உரிந்து வந்தது. "ஞாயித்துக்கெழம மத்தியான வெயில்ல பதினஞ்சு ரவுண்டு இது தாங்காது சாந்தா, மெதுவாப் போனாலும் மீடியமே போட்டுக்கலாம்" என்றார். நான்தான் ஒப்புக்கொள்ளவில்லை. நம் பையன் வெளிநாட்டில் ரேஸ் கார் செய்கிற இடத்திலேயே வேலை பார்க்கிறான், அவனைக் கேட்காமல் நாமாக எதற்கு முடிவு செய்ய வேண்டும் என்று சண்டை பிடித்தேன். சனிக்கிழமை எஸ்.டி.டி. பூத்திலிருந்து நான் உன்னைக் கூப்பிட்டது அதற்குத்தான். நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "சாஃப்ட்டே போடுங்கம்மா, பதினஞ்சு ரவுண்டும் நிக்கும், அப்பா பழைய கணக்குப் போடறாரு" என்றாய். நான் திரும்பி வந்து அப்படியே சொன்னேன். அப்பா, சரி, அவன் சொன்னால் சரிதான் என்று சாஃப்ட் செட்டை எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை ரேஸில் மூன்றாவதாகக் கிளம்பியவள் முதல் ரவுண்டிலேயே முன்னால் வந்துவிட்டாள். ஏழாவது ரவுண்டு வரை எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எட்டாவதிலிருந்து டைம் ஏற ஆரம்பித்தது. அரை செகண்ட், ஒன்று, பிறகு இரண்டு. வளைவுகளில் காரின் பின்பக்கம் வழுக்குவது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. பின்னால் மில்காரர் சுந்தரராஜுலுவின் டீம் காரில் ரைஹான் மீடியம் டயரோடு ஒரே சீராக நெருங்கிக்கொண்டிருந்தான். பதிமூன்றாவது ரவுண்டில் அவன் தாண்டுவதற்கு முன்பே நந்திதாவின் கார் சுழன்று, மண்ணில் இறங்கி, தடுப்பில் மோதியது. அவள் தானாக இறங்கி நின்ற பிறகுதான் ஸ்டாப்வாட்சை நிறுத்தினேன் கண்ணு.

பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு ரைஹான் ஜெயித்த கையோடு, ரேஸ் உடுப்புகூட மாற்றாமல் அவளைப் பார்க்க வந்தான். நல்ல பிள்ளை, கண் கலங்கிவிட்டான். "மீடியம் போடுங்கன்னு மனோஜண்ணன் அனுப்புன பேப்பரு உங்களுக்கும் வந்திருக்கும்னு நெனச்சேனுங்கம்மா, அப்புறம் ஏனுங்க சாஃப்ட்டு போட்டீங்க?" என்று கேட்டான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. டயருக்கு எவ்வளவு காற்று என்று பார்க்க மடித்து வைத்திருந்த ஃபேக்ஸைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். உன் கையெழுத்து. வியாழக்கிழமை தேதி. இந்த டிராக்கில் சாஃப்ட் எட்டு ரவுண்டுக்கு மேல் நிற்காது, கண்டிப்பாக மீடியம்தான் என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாய். வியாழக்கிழமை அவர்களுக்கு அப்படி எழுதிவிட்டு, சனிக்கிழமை என்னிடம் நேர்மாறாகச் சொன்னாய். அந்தக் காகிதத்தை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஊருக்கு வந்ததும் சுந்தரராஜுலுவை அவர் மில்லிலேயே போய்ப் பார்த்தேன். அவர் மறைக்கவில்லை. "ஜூன்ல இருந்து மனோஜு நம்ம டீமுக்கு மேனேஜரா வாரானுங்க, உங்ககிட்டச் சொல்லலீங்களா?" என்றார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நீ அவரிடம் வேலைக்குச் சேர்வது எனக்குக் குறையே இல்லை. எங்களிடம் இல்லாத வசதியெல்லாம் அவரிடம் இருக்கிறது. இனி உங்களுக்கு யோசனை சொல்ல முடியாதம்மா என்று சனிக்கிழமை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வருத்தத்தோடு போனை வைத்துவிட்டு அப்பா சொன்னதையே செய்திருப்பேன். நீ வாயை மூடிக்கொள்ளவும் இல்லை, உண்மையைச் சொல்லவும் இல்லை. அந்தக் காரில் உட்காரப்போவது யார் என்று உனக்குத் தெரியும்தானே? மறுபடி நீயே கூப்பிட்டு, டயர் எப்படி இப்படியாச்சு என்று ஒன்றும் தெரியாதவன்போலக் கேட்டாயே, அப்போது அந்த ஃபேக்ஸ் என் மடியில்தான் இருந்தது.

யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் நந்திதா தன் மேல்தான் தப்பு, பேராசைப்பட்டு ஓட்டிவிட்டேன், இனி காரைத் தொட மாட்டேன் என்று சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மூன்று நாள் பார்த்தேன். நான்காம் நாள் காலையில் அந்தக் காகிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டேன். இரண்டு தடவை படித்தாள். உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "அப்ப எம்மேல தப்பில்லீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை கண்ணு என்றேன். அதன் பிறகுதான் அழுதாள். அப்பாவும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கணக்கு சரியாத்தான் போட்டிருக்கறான்" என்றார். அதற்குமேல் அவர் உன் பெயரை எடுக்கவில்லை.

என் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. உன் அப்பா கையால் தொட்டுச் சொன்னதை விட்டுவிட்டு உன் குரலை நம்பினேன். அவர் ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டவில்லை, அதுதான் என்னை அதிகம் சுடுகிறது.

ஜூன் மாதம் வரும்போது வீட்டுக்கு வா. உன் அறை அப்படியே இருக்கிறது, சோறு போடாமல் இருக்க மாட்டேன். நம் கார் பட்டறைக்குள் மட்டும் வராதே, சாவியை நந்திதாவிடம் கொடுத்துவிட்டோம். கை கூடியதும் ஓட்டப் போகிறேன் என்கிறாள். எந்த டயர் என்பதை அவளும் அப்பாவும் பார்த்துக்கொள்வார்கள்.

நீ நீண்ட ஆயுளோடு, எங்கே வேலை செய்தாலும் நல்ல பெயரோடு இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். மருந்தை வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. உன் தங்கைக்கு உன் கைப்படத் தனியாக ஒரு கடிதம் எழுது, காரணம் ஒன்றும் எழுத வேண்டாம், செய்ததை எழுது. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் அப்பா எடுக்க மாட்டார். நான் எடுப்பேன். என்னிடம் பொய் சொல்லாதே, அவ்வளவுதான்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆ. சாந்தாமணி